ஜெசிந்தா அக்கா முடிக்காத அத்தியாயம்

ஜெசிந்தா அக்கா இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னபோது நான் அழவில்லை. அவர் எழுதிவைத்த கொப்பிகளை நினைத்துப் பயந்தேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரை நேரில் கண்டதில்லை. கணினி வழியே நாம் நுழைந்து வாழ்ந்த விளையாட்டுலகில்தான் அவரை அறிவீர்கள். பல நாடுகளிலிருந்து வந்து, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வீடு கட்டினோம், சண்டையிட்டோம். அதன் வரலாற்றை எழுதியவர், ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு அருகே போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்த ஒரு பெண்.

ஒருவரை மட்டும் நம்பி அவர் எதையும் எழுதமாட்டார். ஒவ்வொரு செய்தியின் ஓரத்திலும் ‘கண்டது’ அல்லது ‘சொன்னது’ என்று குறிப்பார். தனியாளாகப் பூதத்தைக் கொன்றதாக ஒருவர் அரை மணி நேரம் அளந்தபோது அக்கா அனுப்பிய பதில் உங்களுக்கு நினைவிருக்கும்: “முதல்ல நீர் நிண்ட இடத்தைச் சொல்லும். வீரத்தைப் பிறகு எழுதுவம்.”

நாம் கட்டிய மதிலூர் எரிந்த பிற்பகல். அந்த உலகில் எரிந்தது திரும்பி வராது. வடக்கு வாசலில் இருவர் காவல்: நாரை என்ற பெயரில் விளையாடியவரும் நானும். இருவரும் சேர்ந்து சங்கிலியை இழுத்தால்தான் கதவு மூடும். பறைச் சத்தம் கேட்டது. தீப்பந்தங்கள் வந்தன. “இழும், இழும்” என்று நாரை எழுதிக்கொண்டிருந்தார். நான் கணினியின் வயரைப் பிடுங்கினேன். குசினியிலிருந்து வந்த அம்மா, ஏன் இப்படி வேர்த்திருக்கிறது என்று கேட்டார். விளையாட்டுத்தானே என்று நீங்கள் சொல்லலாம். அன்று முழுக்க வயரைத் திரும்பச் செருகவில்லை.

மறுநாள் பொய் சொன்னேன். எங்கள் எழுவைதீவில் காலையிலேயே மின்சாரம் நின்றுவிட்டது, நான் வெளியேறும்போது கதவு மூடியிருந்தது என்று. திறக்க ஒருவர் போதும்; அப்படியானால் திறந்தவர் நாரை. அவர் மறுத்தார். துரோகி என்றீர்கள். நானும் என்றேன். அந்தச் சொல் யுத்த காலத்தில் எங்கள் பக்கத்தில் என்னவெல்லாம் செய்தது என்று தெரிந்தும் சொன்னேன். நாரை போய்விட்டார். அவருடைய சொந்தப் பெயர்கூட நமக்குத் தெரியாது.

சாட்சி சொல்ல அக்கா என்னைக் கடைக்குக் கூப்பிட்டார்.

“அண்டைக்குக் காலமை உங்கட பக்கம் கறண்ட் நிண்டதோ, தம்பி?”

“ஓம் அக்கா.”

“வடிவா யோசிச்சுச் சொல்லும்.”

“நிண்டதுதான்.”

எழுதிக்கொண்டார். தேத்தண்ணி தந்தார். பிறகு ஒருபோதும் கேட்கவில்லை. பல்கலைக்கழகக் குறிப்புகளைப் பிரதியெடுக்க மாதத்தில் இரண்டு முறை அங்கே போவேன். பிரதி கிடைத்ததும் கிளம்பிவிடுவேன். வரலாறு வடக்கு வாசலைத் தாண்டவில்லை. அக்கா சரித்திரம் எழுதுறாவோ, நித்திரை கொள்ளுறாவோ என்று குழுவில் கேலி செய்தீர்கள். ஒரு சிரிப்புப் படத்தை மட்டும் அனுப்பினார்.

அடக்கம் முடிந்தபின் அக்காவின் தம்பி கொப்பிகளை என்னிடம் தந்தார். அந்த விளையாட்டை அறிந்தவன் என்று அவருக்குத் தெரிந்தது என்னை மட்டும்தான். வீட்டுக்குத் திரும்பும் படகில் அவற்றை மடியில் வைத்திருந்தேன். ஊராருக்கெல்லாம் பிரதியெடுத்துக் கொடுத்தவர் இவற்றுக்குப் பிரதி எடுத்திருக்கவில்லை. சுற்றிவரக் கடல். கை நழுவிவிட்டது என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். அப்படி நினைத்தேன் என்பதே இப்போதும் பயமாக இருக்கிறது.

திறந்தேன். என் சாட்சியம், சொல் மாறாமல். ஓரத்தில் ‘சொன்னது’. கீழே சிறிய எழுத்தில்: “அன்று காலை எழுவைதீவுப் படகில் வந்த மூன்று பேரிடம் கேட்டேன். மின்சாரம் நிற்கவில்லை. தம்பி வந்து சொல்லட்டும்.” அதன் கீழே அரைப் பக்கம் வெறுமை. நான்கு ஆண்டுகள் எனக்காக விடப்பட்டிருந்த அரைப் பக்கம்.

இன்று காலை அதை நிரப்பினேன். வாசலை விட்டு ஓடியவன் நான். நாரை பொய் சொல்லவில்லை.

நாரையை அறிந்தவர்கள் இருந்தால் இதை அவருக்குக் காட்டுங்கள். என்ன சொல்வாரோ தெரியாது. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: அடுத்த பக்கத்தை நாரைக்காக எழுதாமல் விட்டிருக்கிறேன்.