சூடு தெரியாதவருக்கு ஒரு சால்டரிங் அயன்

கருகல் வாடை முதலில் புஷ்பமேரிக்குத்தான் அடித்தது. வெஞ்சனம் தாளித்துக்கொண்டிருந்தவள், சட்டி அடிபிடித்துவிட்டதோ என்று கிளறிப் பார்த்தாள். சட்டி நன்றாகத்தான் இருந்தது. முன்னறைக்கு வந்தாள். கிறிஸ்துராஜ் மேசைமேல் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரைக் கவிழ்த்து வைத்து, குனிந்து வேலையில் இருந்தார். அவருடைய நடுவிரல், ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயனின் சூடான கம்பிமேல் சாய்ந்திருந்தது.

“ஏங்க, கை!”

அவர் பார்த்தார். விரலை எடுத்தார். தோல் வெள்ளையாக வெந்து, ஓரம் கறுத்திருந்தது.

“ஆமா, பட்டிருச்சு” என்றார், சட்டையில் மை பட்டதைச் சொல்வதுபோல.

திண்டுக்கல்லில் ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, மாதா தேர்பவனி என்று எல்லா மேடையிலும் கிட்டார் வாசித்தவர். மற்றவர்களின் கிட்டாருக்கு வயரிங்கும் செய்துகொடுப்பார். சர்க்கரை வியாதி முதலில் பாதத்து உணர்ச்சியை எடுத்துக்கொண்டது. செருப்பு கழன்றுபோனது தெரியாமல் நடந்து வந்திருக்கிறார். பிறகு விரல் நுனிகள். எந்தக் கம்பியில் விரல் இருக்கிறது என்பது தெரியாமல்போன பிறகு, ஒரு வரவேற்பில் தப்பான சுரம் விழுந்தது. பாடிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து கிட்டாரை உறையில் போட்டவர் அதன்பின் எடுக்கவில்லை. அவர் அழுவார் என்று புஷ்பமேரி காத்திருந்தாள். அவரும்தான் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

மேசையில் இருந்தது பழனிக்குமாரின் கிட்டார். முன்பு இவரோடு மேடையில் வாசித்தவன். ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் ஓயாத இரைச்சல்; கம்பியைக் கையால் தொட்டாலும் அடங்கவில்லை. எர்த் வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

விரலில் மருந்து தடவிக்கொண்டே புஷ்பமேரி சொன்னாள், “இனிமே இந்த வேலை வேணாங்க.”

“சரி.”

அந்த ‘சரி’தான் அவளைத் தூங்கவிடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. விடிந்ததும் அவளே, “கெளம்புங்க. கையைச் சுடாத அயனா ஒண்ணு பாத்துட்டு வருவோம்” என்றாள். அதற்கும் சரி என்றார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் நூர் அகமதுவின் கடையில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் சாமான் எல்லாம் கிடைக்கும். அவர் முதலில் பேனா மாதிரி ஒல்லியாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

“இது செல்போன் வேலைக்குச் சரி பாய்” என்றார் கிறிஸ்துராஜ். “வால்யூம் கன்ட்ரோல் முதுகுல எர்த் வயரைப் பத்தவைக்கணும். அந்தத் தகடு சூட்டையெல்லாம் உறிஞ்சிரும். ஈயம் உருகுறவரைக்கும் அழுத்திக்கிட்டே இருந்தா கன்ட்ரோல் உள்ளுக்குள்ள வெந்துரும்.”

“அப்ப இந்தத் துப்பாக்கி மாடல் பாருங்கண்ணே. விசையை அமுக்குனாத்தான் சுடும். விட்டா ஆறிரும்.”

புஷ்பமேரிக்கு அது பிடித்துப்போனது. “இதையே எடுத்துக்குங்க.”

கிறிஸ்துராஜ் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். முன்பக்கம் கனத்தது. “கம்பி சத்தத்தை வாங்குற பிக்கப்புல காந்தம் இருக்கு. இதைக் கிட்டக் கொண்டுபோனாக் காந்தம் கெட்டுரும்பாங்க. கெட்டு நான் பாத்ததில்ல. ஆனா அடுத்தவன் கிட்டார்ல பரீட்சை வைக்கக் கூடாது.” விசையை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். “அதுவும் போக, விசையை விட்டேனா இல்லையான்னு என் விரலுக்குத் தெரியாது பாய்.”

நூர் அகமது துப்பாக்கியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். பிறகு அலமாரி மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகு, அயனைச் செருகி வைக்கச் சுருள்கம்பி ஸ்டாண்டு, நுனியில் தட்டையான அகலப் பிட். சூடேறியதும் ஒரு பழைய கன்ட்ரோலின் முதுகில் வைத்தார் கிறிஸ்துராஜ். ஈயம் சட்டென்று உருகிப் பளபளவென்று பரவியது. உடனே எடுத்துவிட்டார்.

பிறகு கைப்பிடியை மனைவியிடம் நீட்டினார். “நீ புடிச்சுப் பாரு.”

அவள் அதை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக்கு வந்த ஒருவர் ஒயர் வாங்கிக்கொண்டு போகும்வரை பிடித்திருந்தாள்.

“சுடல” என்றாள். “ஆனா விரல் முன்னால வழுக்கிரும் பாய். ஏதாச்சும் தடுப்பு மாட்டுங்க.”

நூர் அகமது ஒரு தடித்த ரப்பர் வளையத்தைத் தேடிப்பிடித்துக் கைப்பிடியின் முனையில் ஏற்றிக் கொடுத்தார்.

மதியம் வேலை முடிந்தது. ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் மெல்லிய இரைச்சல் கேட்டது. கிறிஸ்துராஜ் கம்பிகளின் மேல் கையை வைத்தார். இரைச்சல் அடங்கியது. கை பட்டது அவருக்கு அதை வைத்துத்தான் தெரிந்தது.

“சரியாயிருச்சா?”

“ஆயிருச்சு.”

“சந்தோசமா இல்லையா உங்களுக்கு?”

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். “தெரியல புஷ்பம். வேலை நல்லா வந்திருக்குன்னு தெரியுது. அம்புட்டுதான்.”

பழனிக்குமார் வந்து வாசித்துப் பார்த்துவிட்டு, ஆயக்குடிக் கச்சேரிக்கு இருவரையும் அழைத்தான். போனார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். கிட்டார் சுத்தமாகப் பேசியது. பக்கத்திலிருந்தவர்கள் கைதட்டியபோது கிறிஸ்துராஜும் தட்டினார். வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் புஷ்பமேரி அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். திண்டுக்கல் வரும்வரை அவர் அசையாமல் இருந்தார்.

அடுத்த வாரம் இன்னொருவர் கிட்டார் கொண்டுவந்தார். கிறிஸ்துராஜ் அயனைச் சூடேற்றினார். புஷ்பமேரி அவரைக்காயை அள்ளிக்கொண்டு வந்து, மேசையின் மறுபக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தாள்.