செம்புத் தகட்டில் மேகமலை

சின்னமனூர் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டும் சங்கிலிக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இந்த ஊர்ச் சீர்வரிசையில் அவர் உளி படாத குடம் குறைவு. என் கல்யாணக் குடத்திலும் அவர் எழுத்துதான். முப்பது வருடத்தில் ஓர் எழுத்துகூடப் பிசகியதில்லை. நாம் கேட்காவிட்டாலும் அவரே சொல்வார்.

தேனியில் துணிக்கடை வைத்திருக்கும் ஜெபஷீலா போன வருடம் அவரிடம் ஒரு படத்தைக் கொண்டுவந்தார். அச்சடித்து நூறு வருடத்துக்கு மேல் இருக்கும். ஒரு மலை, அடிவாரத்தில் வயல். கீழே இருந்த ஊர்ப்பெயரைப் பூச்சி தின்றுவிட்டது. ஜெபஷீலாவின் அப்பா ஜெபராஜ் மதுரையில் பழைய பேப்பர் கடையில் வாங்கியது. எங்கள் சின்னமனூரிலிருந்து பார்த்த மேகமலை இது என்று சாகும்வரை சாதித்தார். யாரும் நம்பவில்லை. இங்கே நின்று பார்த்தால் மலை இடமிருந்து வலமாக ஏறும். படத்திலோ உச்சி இடப்பக்கம்.

"எல்லாரும் சிரிச்சாகண்ணே. நானும் சேந்துதான் சிரிச்சேன். அப்பா போனப்புறம் அதுதான் உறுத்துது. தாளு தொட்டா உதிருது. அவுக நெனப்பா இன்னொண்ணு வேணும்."

"ஜெராக்ஸ் எடுக்க வேண்டியதுதான தங்கச்சி?"

"பூச்சி அரிச்ச ஓட்டையும் சேந்துல்ல வருது."

சங்கிலி லென்ஸ் வைத்துப் பார்த்தார். அதோடு மனிதர் தொலைந்தார். கோடு திரும்பும் இடமெல்லாம் தடித்திருந்தது. நெருக்கி வெட்டிய இடம் நிழல், விலக்கி வெட்டிய இடம் வெயில். "இது செம்புல உளி வச்சு வெட்டுனது. நம்ம வேலைதான்" என்றார், விட்டுப்போன சொந்தத்தைக் கண்டவர் மாதிரி.

தகட்டிலிருந்து தாளுக்கு எப்படி வரும்? அச்சகக்காரரிடம் விசாரித்தார். பள்ளங்களில் மையைத் தேய்த்து, மேற்புறத்தைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளைப் பரப்பி அழுத்த வேண்டும். அழுத்துவதற்குக் கடையில் இருந்த எவர்சில்வர் கரண்டியின் முதுகே போதும் என்று இவர் முடிவுகட்டினார். வெறும் கோடுகளை வெட்டிப் பழகியதில் மூன்று தகடு வீணானது. முக்கியமான ஒன்றை மட்டும் அச்சகக்காரர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

நாற்பது நாள் வெட்டி முடித்து, ஜெபஷீலாவின் எதிரிலேயே தாளை உரித்தார். உச்சி வலப்பக்கம் இருந்தது.

குடத்தில் வெட்டியதை வெட்டியபடியே படிக்கலாம். தாளில் இடம் வலமாகிவிடும் என்பதால் படத்தைத் திருப்பி வெட்டியிருக்க வேண்டும். பழக்கதோஷம் காலை வாரிவிட்டது. சங்கிலிக்கு முகம் செத்துப்போனது.

"தப்பாப் போச்சு தங்கச்சி."

ஜெபஷீலா தாளோடு தெருவில் இறங்கினார். தெருக்கோடியில் மேகமலை தெரிந்தது. தாளை அதற்கு நேரே தூக்கிப் பிடித்தார். சரிவு, பள்ளம், உச்சி, எல்லாம் அப்படியே பொருந்தின.

சங்கிலியும் பின்னாலேயே வந்து பார்த்தார். "யாரோ வரஞ்சு குடுத்தத, அந்தக் காலத்துல தகடு வெட்டுன ஆளும் என்னையாட்டம் திருப்பாமத்தான் வெட்டிருக்காரு. இங்கன வந்து மலையப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

"அப்பா சரியாத்தான் சொல்லிருக்காக" என்று ஜெபஷீலா அழுதார். நடுத்தெரு என்றுகூடப் பார்க்கவில்லை.

பிறகு, சீர்க் குடத்தில் கொடுத்தவர் பெயரை வெட்டுவதுபோல, மலைக்குக் கீழே அப்பாவின் பெயரை வெட்டித் தரச் சொன்னார். ஓர் எழுத்தும் பிசகாத சங்கிலி, எதிரே கண்ணாடியை வைத்துக்கொண்டு, நான்கு எழுத்தையும் திருப்பி வெட்டினார். கரண்டியால் தேய்த்துத் தாளை உரித்தபோது, பழைய படத்தில் பூச்சி தின்றிருந்த இடத்தில் ஜெபராஜ் என்று நேராக இருந்தது.