சாமி பாலும் டிடி ஊசியும்

பிரதோஷ அபிஷேகத்துக்கு வாங்கிய பாலைத் திண்டிவனத்தில் எங்கள் தெரு மெடிக்கல் கடை பிரிட்ஜில் வைக்கக் கேட்டேன். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும் பார்மசிஸ்ட் பெண், "இது ஊசி மருந்துக்கு மட்டுந்தான்க்கா" என்றாள்.

முதலாளி சிரித்தார். "சாமி பாலும்மா, வைக்கலன்னா கண்ணக் குத்திடுவாரு." மருந்துப் பெட்டியை ஐஸ் தட்டோடு ஒட்டித் தள்ளிவிட்டு, பாலை அவரே உள்ளே வைத்தார். நானும் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை என் மகன் துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டான். டாக்டர் எழுதிய டிடி ஊசி மருந்துக்காக அதே கடைக்கு ஓடினேன். அவள் பெட்டியைத் திறந்தாள். மருந்து உறைந்து கிடந்தது.

"தர மாட்டேன்க்கா. உறைஞ்சது கெட்டதுதான்."

"உருகினா சரியாப் பூடும், ஜல்தி குடுத்தனுப்பு" என்றார் முதலாளி.

"உங்க புள்ளைன்னா போடுவீங்களா?" என்று அவரிடமே கேட்டாள்.

உறைந்த மருந்து அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, "கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கா, அங்க நல்லதா இருக்கும்" என்றாள். அங்கே போட்டோம். ஈசன் புண்ணியத்தில் கால் ஆறியது.

அடுத்த பிரதோஷத்தன்று பாலோடு கோயிலுக்குப் போகும் வழியில் பார்த்தேன், கடையில் அவள் இல்லை.

"சாமி காரியத்துக்கே மரியாதை தெரியாதவ, நிறுத்திட்டேன்" என்று சொல்லி, என் பாலை வாங்கி வைக்கக் கை நீட்டினார் முதலாளி.

"கெட்ட மருந்த எம்புள்ளைக்குத் தரப் பாத்தவரு நீங்க. சாமி பேர இழுக்காதீங்க! அந்தப் பொண்ணு திரும்ப வர்ற வரைக்கும் உங்க கடையில ஒரு தலைவலி மாத்திரகூட வாங்க மாட்டேன்" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டு, பாலோடு கோயிலுக்கு நடந்தேன்.