கிழக்கே வைத்த வாசல்

மாடம்பாக்கத்தில் வாடகைக்கு விட வாங்கிய பழைய ஃப்ளாட்டைப் புதுப்பித்தபோது, வாஸ்துக்காரர் சொன்னாரென்று தெற்கு வாசலை அடைத்து, கிழக்குச் சுவரை உடைத்து வாசல் வைத்தேன். பிறகு, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அந்த ஃப்ளாட்டின் மேல் பேங்கில் கடன் கேட்டேன். மதிப்புப் போட வந்த இன்ஜினீயர் புது டைல்ஸைத் திரும்பியும் பார்க்கவில்லை, பிளானை விரித்தார்.

"மேடம், பிளான்ல இங்க வெறும் சுவர்தான் இருக்கு. நீங்க பொது கார் பார்க்கிங் பக்கம் வாசல் வச்சிருக்கீங்க!"

"வாஸ்துக்காக மாத்தினோம் சார்."

"பேங்க்ல வாஸ்து பார்க்க மாட்டாங்க மேடம்."

கிழக்கு வாசலை அடைத்து, பழையபடி தெற்கு வாசலைத் திறந்த பிறகே நல்ல மதிப்பு கிடைத்தது. அதற்குள் கட்டணம் கட்டும் தேதி தாண்டி, மகளின் இடம் போய்விட்டது.

இப்போது ஆணி அடிப்பதானாலும் முதலில் பிளானைப் பார்க்கிறேன். வாஸ்துக்காரரோ கூசாமல் சொல்கிறார்: "திரும்பத் தெற்கு வாசலைத் திறந்தீங்கல்ல, அதான் மேடம் சீட் போச்சு."