விசிலில் போன வசனம்

நான் தாம்பரத்தில் கல்லூரியில் படித்தபோது ஒரு காதல் படம் வந்தது. சிரிப்பும் பாட்டுமாக ஓடும். நண்பர்களோடு ஒன்பது முறை பார்த்தேன். எந்தப் பாடத்தையும் நான் ஒன்பது முறை படித்ததில்லை. ஹீரோ பஸ் ஸ்டாண்டில் ஹீரோயின் பின்னாலேயே அலைவான். ஒரு நாள் அவள் திரும்பி நின்று ஏதோ சொல்வாள். அவள் திரும்பியதுமே நாங்கள் விசிலடிக்க ஆரம்பித்துவிடுவோம், ஒன்பது முறையும். என்ன சொன்னாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. சம்மதம்தான் என்று வைத்துக்கொண்டோம்.

அந்தத் தைரியத்தில் நானும் ஒரு பெண்ணின் பின்னால் அலைந்தேன். அவள் பெருங்களத்தூரிலிருந்து தாம்பரத்துக்கு ரயிலில் வந்து டைப்ரைட்டிங் படித்தாள். என் வீடும் கல்லூரியும் தாம்பரத்திலேயே இருக்க, பெருங்களத்தூர் வரை போய் அவளோடு திரும்பி வருவதற்காக சீசன் டிக்கெட் எடுத்த புத்திசாலி நான். அவள் ஏழரை வண்டியை விட்டு ஆறே முக்கால் வண்டிக்கு மாறினாள். என்னைச் சோதிக்கிறாள் என்று நானும் மாறினேன். பிள்ளை விடியற்காலையில் எழுந்து படிக்கப் போகிறான் என்று அம்மா எனக்குத் தனியாகக் கெட்டிப் பாலில் காபி போட்டாள்.

ஒரு நாள் பிளாட்பாரத்தில் அந்தப் பெண் திரும்பி நின்றாள்.

"அண்ணா, அடுத்த மாசம் எனக்கு டைப்ரைட்டிங் லோயர் எக்ஸாம். நீங்க பின்னாடி வர்றது வீட்ல தெரிஞ்சா கிளாஸையே நிறுத்திடுவாங்க. வராதீங்கண்ணா, ப்ளீஸ்."

நண்பர்களிடம் ஓடினேன். அவள் பேசிவிட்டாள் என்றேன்.

"இன்னா மச்சான் சொன்னா?"

"எக்ஸாம் முடியட்டும்ங்கிறா."

எல்லோருக்கும் டீயும் பட்டர் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தேன். மறுநாளும் அதே வண்டியில் போனேன். இரண்டு வாரத்தில் அவள் வருவது நின்றுபோனது. காதலில் தோற்றவனாகத் தாடி வளர்த்தேன். அதுவும் முகவாயில் மட்டும்தான் முளைத்தது.

பத்து வருடம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் அந்தப் படம் டிவியில் வந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வசனமெல்லாம் எனக்கு மனப்பாடம் என்று பீற்றிக்கொண்டேன். ஹீரோயின் திரும்பினாள். அந்த இடத்தில் முதல் தடவையாக அவள் குரல் எனக்குக் கேட்டது.

"உங்களுக்கு இது விளையாட்டு. எனக்குப் படிப்பே போயிடும்."

"சரியாத்தானே சொல்றா" என்றாள் மனைவி.

எனக்கு வெட்கமாக இருந்தது. பெருங்களத்தூர்ப் பெண்ணும் இதையேதான் சொன்னாள், அதுவும் அண்ணா என்று கூப்பிட்டு. அன்று எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. கேட்டுவிட்டுத்தான் மறுநாளும் வண்டியேறினேன்.