மண்டை ஓடு சுரண்டிய கேன்

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில் ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் இருந்தேன். ஆபத்தான ரசாயனங்களைப் பற்றித் தொழிலாளர்களுக்கு வகுப்பெடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்குவது என் வேலை. நோட்டு நிறைந்தால் மேலாளருக்கு நிம்மதி. எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ரசாயனத்தோடு வரும் காகிதங்கள் எல்லாம் ஆங்கிலம். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் தெலுங்கு, சிலர் கன்னடம், மீதி திருநெல்வேலியும் சேலமும். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்புவதற்குள் இருபது நிமிடம் கொடுப்பார்கள். அதில் எதைச் சொல்வது? சலித்துப்போய் எல்லாவற்றையும் சுருக்கிவிட்டேன். "மண்டை ஓடு படம் ஒட்டியிருந்தா தொடாதீங்க. படம் இல்லன்னா பயமில்ல." எல்லோருக்கும் புரிந்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வருவார். காண்ட்ராக்டர் மூலம் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தவர். எப்போதும் முன்வரிசை, முதல் கையெழுத்தும் அவருடையதுதான். தெலுங்கில், உருண்டை உருண்டையாக, கட்டத்தை மீறிப் போடுவார்.

ஆயுதபூஜைக்கு முந்தின நாள் ஷாப் ஃப்ளோர் முழுவதையும் கழுவினார்கள். மெஷின், ட்ராலி, கேன் எதையும் விடவில்லை. நல்ல நாளும் அதுவுமாக மண்டை ஓடு எதற்கு என்று யாரோ சொல்ல, ரசாயனக் கேன்களில் நான் ஒட்டவைத்த ஸ்டிக்கர்களை ஊறவைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மறுநாள் பூஜையில் நானும் கைகூப்பி நின்றேன். பொரி வாங்கித் தின்றேன். பொட்டு வைத்த நீலக் கேன்கள் என் எதிரேதான் வரிசையாக இருந்தன. எனக்கு உறைக்கவே இல்லை.

பூஜை முடிந்ததும், பூசணிக்காய் உடைத்த இடத்தைத் துடைக்க அந்த அக்கா ஒரு கேனைச் சாய்த்து வாளியில் ஊற்றி, துணியை முக்கிப் பிழிந்தார். உள்ளே இருந்தது எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும், தோலை அரித்துப் புண்ணாக்கும் காஸ்டிக் கரைசல். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். முதலில் கையில் வழுவழுப்பாகத்தான் இருந்ததாம். சோப்புத் தண்ணீர் என்று நினைத்து இன்னும் இரண்டு முறை முக்கியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் அவருடைய இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். "ஏன்க்கா, பாக்காம எடுத்தீங்க?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"பாத்துதான் எடுத்தேன் சார். படம் இல்லையே. நீங்கதானே சொன்னீங்க?"

பிறகு மெதுவாகச் சொன்னார்: "என் தப்புன்னு எழுதிடாதீங்க சார். அப்புறம் காண்ட்ராக்டர் வேலைக்கு எடுக்க மாட்டாரு."

எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மேலாளர் மேஜையில் என் நோட்டு திறந்து கிடந்தது. உருண்டையான அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்து, "டிரெய்னிங் குடுத்திருக்கோம், ஆதாரம் இருக்கு. காரணத்த எழுதுங்க" என்றார். எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. தெம்பில்லை என்பதுகூடச் சாக்குதான், பயம். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வகுப்பில் சொல்வதை மாற்றினேன். "படம் இல்லன்னா தண்ணின்னு நெனைக்காதீங்க. கேட்டுட்டுத் தொடுங்க." தலையாட்டினார்கள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. நோட்டை நீட்டினேன். முன்வரிசையில் அந்த இடம் காலியாக இருந்தது. யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.