பாட்டுக்குக் கீழே ஒருவர்

திருச்செந்தூர் பாசஞ்சரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் இயர்போனில் ஒன்றை என்னிடம் நீட்டினார். வெள்ளைக் கைலி, நரைத்த தாடி. காயல்பட்டினத்துக்காரர். சவூதியில் தனியாக இருந்த வருஷங்களில் பழைய பாட்டுகளைத் தன் யூடியூப் சேனலில் ஏற்றியவராம்.

காதில் வைத்தேன். சத்தமே இல்லை. போனைக் காட்டினார். காப்புரிமைப் புகாரால் வீடியோ நீக்கப்பட்டது என்று எழுதியிருந்தது.

"பாட்டு கம்பெனிக்காரன் சொத்து, எடுத்துட்டான். அதே பாட்ட அவன் போட்டிருக்கான், அத நான் தொறக்கதில்ல," என்றார். "இதுக்குக் கீழ ஒருத்தர் வெள்ளிக்கெழம தவறாம எழுதுவாரு, 'இன்னைக்கும் கேட்டேன் காக்கா'ன்னு, அண்ணன்னு கூப்பிடுத மாதிரி. அதும்லா சேந்து போயிட்டு."

"யாரு அவர்?"

"யாருக்குத் தெரியும். நானும் 'சந்தோசம் தம்பி'ன்னு போடுவேன். அவ்வளவுதான் பழக்கம்."

எந்தப் பாட்டு என்று கேட்டேன், சொன்னார். பிறகு இயர்போனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டவர், இறங்கும்வரை கழற்றவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டைத் தேடினேன். கம்பெனி ஏற்றியதுதான் இருந்தது. கீழே ஆயிரக்கணக்கான கமெண்டுகள். தள்ளிக்கொண்டே போனதில் ஒன்று கண்ணில் பட்டது, போன வெள்ளிக்கிழமை போட்டது.

"காக்கா, இங்கன வந்தியளா?"

யாரும் பதில் எழுதவில்லை. ரயிலில் பார்த்தவரின் பேரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.